கோபர் கேஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஒடுகத்தூர் பக்கம் என் பெரியம்மா வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு தொட்டி உண்டு. அதன் மேல் இரும்பு டிரம் ஒன்று கவிழ்ந்து மிதக்கும். காலையில் டிரம் உயர்ந்திருந்தால், "கோபர் கேஸ் ஏறியிருக்கு, உலை வைக்கலாம்" என்பார் பெரியம்மா. ஊரில் எல்லோருக்கும் அது கோபர் கேஸ்தான்.

கோபர் இந்திச் சொல். சாணம் என்று பொருள். கதர் கிராமத் தொழில் ஆணையம் இந்தக் கலனை நாடெங்கும் பரப்பியபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. கேஸ் என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் ஆக்கியவர் வான் ஹெல்மான்ட். கிரேக்கத்தின் கேயாஸ், அதாவது உருவமற்ற வெறும்பாழ், அதற்கு வேர்.

சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கின்றன. வெளிவருவதில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். நாலைந்து மாடு இருந்தால் ஒரு சின்னக் குடும்பத்தின் அடுப்புக்குப் போதும். கூடுதலாக இருந்தால் எஞ்சினை ஓட்டி மின்சாரமும் எடுக்கலாம். மாடு இருக்கிறவரை ஊறும் ஆற்றல் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சாண எரிவாயு என்பது பழகிய, நல்ல பெயர். ஆனால் சாணத்தோடு அது நின்றுவிடுகிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மிஞ்சும் அழுகல் காய்கறியும், பேரணாம்பட்டு, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் தோலிலிருந்து வழித்தெடுக்கும் சதையும் கொழுப்பும் இதே வேலையைச் செய்யும். இவற்றையும் சேர்த்துச் சொல்லத்தான் பாடநூல்கள் பயோகேஸை உயிரி எரிவாயு என்கின்றன.

எனக்குப் பிடித்தது எரிவளி. வாயு வடசொல், வளி நம்முடையது. "வளித் தலைஇய தீ" என்கிறது புறநானூற்றின் 2ஆம் பாட்டு. காற்றில் தலைப்பட்ட தீ! அடுப்பில் நீலமாக எரிவதற்கு இதைவிடப் பொருத்தமான சொற்கள் கிடைக்குமா? மூலத்தைச் சொல்ல வேண்டுமானால் சாண எரிவளி, கழிவு எரிவளி என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயரில் இன்னொரு தெளிவும் இருக்கிறது. எரிவது வளிதான், குப்பை அல்ல. குப்பையை அப்படியே உலையில் கொளுத்தி மின்சாரம் எடுப்பது வேறு வழி. நம் வீட்டுக் குப்பை ஈரமானது. அதை எரிக்கப் போனால் ஈரத்தை உலர்த்தவே சூட்டில் பெரும்பங்கு போய்விடும். புகையையும் சாம்பலையும் வேறு பார்க்க வேண்டும். இரண்டையும் கழிவு மின்சாரம் என்று ஒரே பெயரில் அழைப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

அப்புறம், குப்பை என்ற சொல்லையும் நாம் இழிவாக்கிவிட்டோம். பழந்தமிழில் அது குவியல். உப்புக் குவியலும் குப்பைதான். எங்கள் பக்கம் "நிலத்துக்குக் குப்பை அடிக்கணும்" என்றால் வண்டியில் எரு கொண்டுபோய்க் கொட்டுவது. எரிவளி எடுத்த பிறகும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கும். பெரியம்மா அதை வாளியில் மொண்டு, முள்ளுக் கத்திரிச் செடிகளுக்குத்தான் ஊற்றுவார்.