ஒரு இந்திய ரூபாவுக்கு எத்தனை இலங்கை ரூபா?

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி, "இந்தியக் காசு இண்டைக்கு என்ன போகுது?" வைத்தியத்துக்கோ, சிதம்பரம் கும்பிடவோ, கலியாணச் சீலை எடுக்கவோ போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் காசு மாற்றும் கடைப் பலகையில் இருக்கும் அந்த எண்ணை இரண்டு நாடும் நேரே பேசி வைப்பதில்லை. இரண்டு ரூபாவுக்கும் தனித்தனியே டொலரில் ஒரு விலை உண்டு. ஒன்றை மற்றதால் வகுத்தால் பலகையில் உள்ள எண்ணுக்குக் கிட்ட வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டொலர் இங்கே 300, அங்கே 84 என்று வையுங்கள். 300ஐ 84ஆல் வகுத்தால் 3.57. ஏதோ ஒரு வங்கி மட்டும் இந்திய ரூபாவை 3.40க்கு விற்கிறது என்றால் என்ன நடக்கும்? 100 டொலரை 30,000 இலங்கை ரூபாவாக்கி, அதைக் கொடுத்து 8,823 இந்திய ரூபா வாங்கி, திரும்ப டொலராக்கினால் 105 டொலர் கையில் இருக்கும். சும்மா கிடைக்கிற இந்த 5 டொலரை நாணயச் சந்தையில் இருப்பவர்கள் விட்டுவைப்பார்களா? எல்லோரும் அந்த வங்கியிடம் இந்திய ரூபா வாங்கப் போக, விலை ஏறி 3.57க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஏன் நடுவில் டொலர்? 30 நாணயங்கள் இருந்தால் அவற்றுக்குள் 435 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் தனிச் சந்தை நடத்த ஆளும் காசும் போதாது. எல்லாவற்றையும் டொலரில் அளந்தால் 29 விலை போதும்.

ஒரு காலத்தில் இந்த வகுத்தலே தேவைப்படவில்லை. 1872இல் ரூபா இலங்கையின் நாணயமாகியது. அணா வேண்டாம், 100 சதம் என்று ஆக்கினார்கள். 1884இல், அதுவரை நோட்டு வெளியிட்டுவந்த ஓரியன்டல் வங்கி முறிந்துபோக, நோட்டு வெளியிடும் வேலையை அரசாங்கமே கையில் எடுத்தது. அந்த நோட்டுகளுக்குப் பின்னால் பெட்டகத்தில் இந்திய வெள்ளி ரூபாக் காசுகள் இருந்தன. ஒரு இலங்கை ரூபாவுக்கு ஒரு இந்திய ரூபா என்பதே கணக்கு. 1950இல் கொழும்பில் மத்திய வங்கி திறந்தபோதும் அதே நிலைதான்: டொலருக்கு இரண்டு ரூபாவும் 4.76.

1966 ஜூன் 6ஆம் தேதி அது முறிந்தது. இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைத்து, டொலருக்கு 7.50 என்று அறிவித்தது. இலங்கை எதையும் தொடவில்லை. ஆனாலும் ஒரே நாளில் ஒரு இலங்கை ரூபாவுக்கு ஒன்றரைக்கும் மேலான இந்திய ரூபா என்றாகிவிட்டது. எங்கள் காசுதான் பெரிது என்றிருந்த அந்தக் காலத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1967 நவம்பரில் இலங்கையும் 5.95க்கு இறங்க, இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கியது.

அப்புறம் 1977 நவம்பர். இறக்குமதியைத் திறந்துவிட்ட கையோடு டொலரை 16 ரூபாவில் தொடங்கி, இனிச் சந்தை போகிற போக்கில் போகட்டும் என்று மிதக்கவிட்டார்கள். தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஒரு இந்திய ரூபாவுக்கு இரண்டு இலங்கை ரூபா அளவுக்கு வந்தது. அதற்கு முந்திய இறுக்கமான ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை இருந்தது. ரூபா மலிந்தால் வெளிச்சாமான் விலை ஏறும், உள்ளூர்த் தோட்டக்காரனுக்கு அது ஒரு வேலி. ஆனால் இறக்குமதித் தடை போனது அந்த வேலியால் தாங்கமுடியாத அடி. நாணய மாற்று விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் அந்தத் தோட்டங்களுக்கு நேர்ந்தது விளங்காது.

1991 ஜூலையில் மறுபடி இந்தியா இறங்கியது. இந்தமுறையும் இங்கே ஒருவரும் அசையாமலே இந்தியக் காசு மலிந்தது.

2022இல் விழுந்தது நாங்கள். அதற்கு முன் மாதக்கணக்காக டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். அப்படிப் பிடித்து வைக்க, கேட்பவர்களுக்கு அந்த விலையில் விற்க மத்திய வங்கியிடம் டொலர் இருக்கவேண்டும். அது கரைந்துகொண்டே போனது. வங்கிக்கு வெளியே, வெளிநாட்டுக் காசை வீட்டுக்குச் சேர்ப்பிக்கும் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள். உண்டியலில் கனடாவில் கொடுத்த காசு கனடாவிலேயே நிற்கும், இங்கே வீட்டுக்கு வருவது ரூபா மட்டும். ஆக, விலையைக் குறைத்துப் பிடிக்கப் பிடிக்க வங்கிக்கு வரவேண்டிய டொலர் இன்னும் வற்றியது. மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதம் டொலர் சுமார் 360. இந்திய ரூபா 2.65 அளவிலிருந்து 4.65 வரை ஏறியது. அந்த இரண்டரை மாதத்தில் டொலருக்கு எதிராக இந்திய ரூபா ஓரிரண்டு ரூபாதான் நகர்ந்தது. பிள்ளையைத் தமிழ்நாட்டில் படிக்கவைத்த பெற்றோருக்கு, அங்கே கட்டணம் கூடாமலே செலவு முக்கால் பங்கு கூடிப்போனது. அந்த வேதனையை அவர்கள் நல்லாய் அறிவார்கள்.

2024 முடியும்போது டொலர் இங்கே 293 அளவு, அங்கே 85க்கு மேல். வகுத்தால் 3.4. கடைப் பலகையிலோ வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு இருக்கும், அதுவும் கடைக்குக் கடை மாறும். வகுத்து வந்த எண்ணுக்குக் கீழே இருப்பது நீங்கள் இந்தியக் காசைக் கொடுத்தால் கடைக்காரர் தருவது, மேலே இருப்பது நீங்கள் இந்தியக் காசு கேட்டால் அவர் உங்களிடம் அறவிடுவது. போகும்போது மாற்றி, மிஞ்சியதை வந்து திரும்ப மாற்றினால் அந்த இடைவெளியை முழுதாகக் கொடுக்கிறீர்கள். அதனால் அடுத்த பயணம் கிட்ட இருந்தால் மிச்ச நோட்டை வீட்டில் வைத்திருப்பது நல்லது.