பீட்டா லாக்டோகுளோபுலின்: ‘மோர்’ அன்று, ‘தெளிவு’

சேலத்தில் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் ஒருவர், ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்த சிறு குப்பி ஒன்றுக்குத் தமிழில் சீட்டு எழுதி ஒட்டும்போது ‘பசு மோர்ப் புரதம்’ என்று எழுதினார். குப்பியில் இருந்தது பீட்டா லாக்டோகுளோபுலின் என்னும் வெண்ணிறப் பொடி; ஆங்கிலத்தில் ‘வே’ (whey) எனப்படும் பால்நீரில் உள்ள புரதம் அது. சீட்டில் பிழையான சொல் ‘மோர்’ என்பதே. விளம்பரங்களிலும் இதே பிழை பரவி வருவதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மோர் என்பது தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் நிற்பது. பாலின் பெரும்பங்குப் புரதமாகிய கேசீன் அதிலேயே தங்கிவிடுவதால்தான் மோர் வெண்மையாக இருக்கிறது. ‘வே’ என்னும் நீர்மமோ கேசீன் நீங்கியது. பால் திரிந்துபோன அன்று அதைத் துணியில் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்த்தால், கட்டி துணியில் நிற்க, அடியில் வைத்த பாத்திரத்தில் இளம்பச்சை ஓடிய மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த நிறம் ரைபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்துக்கு உரியது. இந்த நீருக்குப் ‘பால்தெளிவு’ என்பதே பொருந்தும் பெயர். தெளிதல் என்னும் வினையைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: சேகோ ஆலைத் தொட்டிகளில் மரவள்ளிக் கிழங்கின் பால் அசையாமல் நிற்க, மாவு அடியில் தங்கி மேல்நீர் தெளிவதை இங்கே பலரும் கண்டிருக்கிறார்கள். புணர்ச்சி விதிப்படி இது ‘பாற்றெளிவு’ என்றாகும். படிப்பவர் தடுக்காமல் படிக்க வேண்டும் என்பதால் பிரித்து எழுதுவதையே நான் ஏற்கிறேன்.

இனி மூலச்சொல். ‘லாக்’ என்பது லத்தீனில் பால். ‘குளோபுலஸ்’ என்பது சிறு உருண்டை. ஆயினும் குளோபுலின் என்பதை ‘உருண்டைப் புரதம்’ என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். உருண்டைப் புரதம் என்பது வடிவத்தைக் குறிக்கும் பெயர்; ஆல்புமினும் அவ்வகையில் அடங்கும். குளோபுலின் என்பதோ பழைய வேதியியலார் கரைதிறனை வைத்துப் பிரித்த வகை: தூய நீரில் கரைவது ஆல்புமின், நீர்த்த உப்புக்கரைசலில் மட்டுமே நன்கு கரைவது குளோபுலின். 1934-இல் பால்மர் என்பவர் பசும்பாலின் ஆல்புமின் பகுதியிலிருந்தே ஒரு புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஆல்புமினோடு கிடந்தும் அது குளோபுலின்போல் நடந்துகொண்டது. அந்தக் கண்டுபிடிப்பின் தடம் பெயரிலேயே இருப்பதால், குளோபுலின் என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொண்டு, முன்பகுதியை மட்டும் தமிழாக்கிப் ‘பீட்டா பாற்குளோபுலின்’ என்பதே சரி என்று கருதுகிறேன். பாற்கடல், பாற்குடம் என்று பழகிய நாவுக்கு இது அயலாகத் தோன்றாது. ‘பீட்டா’ என்பது கூறுகளைப் பிரித்தறிந்த காலத்தில் இட்ட வரிசைக் குறி மட்டுமே. ஆல்பா லாக்டால்புமின் இதன் உடன்பிறப்பு அன்று, முற்றிலும் வேறொரு புரதம்.

பசும்பாலின் தெளிவில் உள்ள புரதத்தில் ஏறக்குறையப் பாதி இதுவே. ஒரு லிட்டர் பாலில் சுமார் 3 கிராம் இருக்கும். 162 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 18,400 டால்டன். எளிதாகவும் தூய்மையாகவும் கிடைப்பதால், புரதங்கள் மடிவதையும் விரிவதையும் ஆராய்வோர் இதை மாதிரிப் புரதமாகக் கொள்கிறார்கள். மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும்போது எடை காட்டும் அளவுகோலாகவும் இது பயன்படுகிறது. ஏ, பி என்னும் இதன் இரு வகைகள் 64, 118 ஆகிய இரண்டே இடங்களில் வேறுபடுகின்றன. தாய்ப்பாலில் இப்புரதம் இல்லை. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளைப் பற்றிய ஆய்வில் இதன் பெயர் அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘திரிதல்’ என்னும் சொல்லிலும் கவனம் தேவை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று இலக்கணத்தில் படித்த அதே சொல்தான் ‘இயல்பு திரிதல்’ என்ற கலைச்சொல்லில் புரதம் மடிப்பு குலைவதைக் குறிக்கிறது. ஆனால் பால் திரிவது புளிப்பால் கேசீன் திரள்வது. பாற்குளோபுலின் இயல்பு திரிவதோ வெப்பத்தால். 70 பாகை செல்சியசைத் தாண்டும்போது அதன் மடிப்பு அவிழ்ந்து, உள்ளே மறைந்திருந்த கந்தகத் தொகுதி வெளிப்படுகிறது. காய்ச்சிய பாலுக்கே உரிய வாசத்தில் அதற்குப் பங்குண்டு; கேசீனோடு அப்புரதம் பிணைவதும் அதன் வழியாகவே.

அந்த மாணவர் அடுத்ததாக, வீட்டில் பனீர் வடித்த தண்ணீரிலிருந்தே இதைப் பிரிக்கலாமா என்று கேட்டார். கொதித்த பாலில் எலுமிச்சை பிழிந்து வடித்த தெளிவில் இப்புரதம் மிகக் குறைவாகவே இருக்கும். பெரும்பகுதி கேசீனைப் பற்றிக்கொண்டு துணியிலேயே நின்றுவிடும். ஆகவே காய்ச்சாத பாலையே எடுத்து, கொழுப்பை நீக்கி, அமிலம் சேர்த்துப் பி.எச். 4.6-க்குக் கொண்டுவந்து கேசீனைத் திரளவிட்டு வடித்த தெளிவிலிருந்துதான் பிரிக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.