மேல்மரபியல்: மூப்பு ஆய்வில் புழங்கும் ஒரு சொல்லின் பொருளும் வரலாறும்

எபிஜெனடிக்ஸ் என்னும் துறைப்பெயருக்குத் தமிழில் இன்று மேல்மரபியல், புறமரபியல் என்னும் இரண்டு வடிவங்கள் வழங்குகின்றன. ஆங்கில ஒலியை அப்படியே எழுதுவோரும் உண்டு. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை சற்றும் மாறாதிருக்க, அதன்மேல் அமர்ந்துள்ள வேதிக் குறிகள் ஒரு மரபணுவை இயங்கச் செய்வதையும் அடக்கி வைப்பதையும், செல் பிரியும்போது அக்குறிகள் தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்குக் கடத்தப்படுவதையும் ஆராயும் துறை இது. மனித மூப்பைப் பற்றிய ஆய்வில் இத்துறை முன்வரிசைக்கு வந்துவிட்டதால் இச்சொல் நாளிதழ்களிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் அடிக்கடி தென்படுகிறது. ஆனால் அங்கெல்லாம் அதன் பொருள் தெளிவாக இல்லை என்பதே இவ்விளக்கத்தை எழுதத் தூண்டியது.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘எபி’ என்னும் முன்னொட்டுக்கு மேல், மீது, அடுத்து என்னும் பொருள்கள் உண்டு. ‘ஜெனெசிஸ்’ என்பது தோற்றம். இரண்டும் சேர்ந்த ‘எபிஜெனெசிஸ்’ என்னும் சொல்லை 1651இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி தம் கருவியல் நூலில் கையாண்டார். கோழி முட்டைகளை ஆராய்ந்த அரிஸ்டாட்டில் முன்னரே எடுத்துரைத்த கருத்துக்கு அவர் இட்ட பெயர் அது: கருவுக்குள் முழு உயிரும் சிற்றுருவாக முன்பே ஒடுங்கியிருப்பதில்லை, உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்படியாக உருவாகின்றன என்பதே அக்கருத்து. பிரிட்டானியக் கருவியலாளர் கான்ராட் வாடிங்டன் 1942இல் இப்பழஞ்சொல்லை ‘ஜெனெடிக்ஸ்’ என்னும் மரபியலோடு இணைத்து எபிஜெனடிக்ஸ் என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். மரபணுக்களுக்கும் அவற்றால் விளையும் உடற்பண்புகளுக்கும் இடையே நிகழும் வினைகள் அனைத்தையும் குறிக்கவே அவர் அதைப் பயன்படுத்தினார். மரபுச் செய்தியைத் தாங்குவது டி.என்.ஏ. என்று காட்டிய ஆய்வே அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வெளிவந்தது. எனவே இன்று நாம் பேசும் வேதிக் குறிகள் எவையும் அவர் மனத்தில் இருந்திருக்க வழியில்லை.

பொருள் மாறியது 1975இல் எனலாம். அவ்வாண்டில் உயிரியலாளர்களான ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் ஒருபுறமும், ஆர்தர் ரிக்ஸ் தனியாக மற்றொருபுறமும், டி.என்.ஏ.வின்மீது ஏறும் மெத்தில் தொகுதி செல்லின் நினைவாக விளங்கக்கூடும் என்று எழுதினர். அக்கருத்து வலுப்பெற்றபின் ‘எபி’ என்பதற்கு ‘அடுத்துத் தோன்றுவது’ என்ற ஹார்வியின் பொருள் பின்தங்கி, ‘மேலே இருப்பது’ என்ற பொருளே நிலைத்தது.

அந்தக் குறியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் தமிழ்ப்பெயரைத் தேர்வது எளிதாகும். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் ஐந்தாம் கார்பன் அணுவில், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது. மனித உடலில் இது பெரும்பாலும் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களிலேயே நிகழ்கிறது. அத்தகைய இடங்கள் நம் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் உள்ளன. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழையில் குறி இருக்கும். புதிய இழை குறியின்றிப் பிறக்கும். அப்போது ஒரு நொதி, பாதிக் குறி மட்டும் உள்ள இடங்களை இனங்கண்டு புதிய இழையிலும் மெத்திலை ஏற்றி நிரப்புகிறது. கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே தோன்றுவதற்கு இந்தப் படியெடுப்பு ஒரு முக்கியக் காரணம். தமிழ் எழுத்தறிந்தவர்க்கு இதை விளக்க மெய்யெழுத்தின் புள்ளியே போதும்: ‘க’ என்னும் வரிவடிவம் அப்படியே இருக்க, மேலே இடும் புள்ளி அதன் உயிரொலியை அடக்கிவிடுகிறது. ஓலையில் எழுதியோர் புள்ளியிடாமல் விட்ட இடங்களில் பிற்காலத்தார் சொற்களை மாற்றிப் படிக்க நேர்ந்தது போலவே, செல்லிலும் குறி விடுபட்டால் அடங்கியிருக்க வேண்டிய மரபணு வாய் திறக்கக்கூடும்.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். மரபியல் என்பது தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலின் பெயர். விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் இளமை, ஆண், பெண் பெயர்களை வழக்கின்படி தொகுத்துரைக்கும் பகுதியை உடைய அவ்வியலின் பெயரே தமிழகத்தில் நவீன உயிரியல் துறைக்கும் அமைந்துவிட்டது. இலங்கைப் பாடநூல்களோ அத்துறையைப் பிறப்புரிமையியல் என்று வழங்குகின்றன. தமிழக வழக்கைக் கொண்டால், சேர்க்க வேண்டிய அடை ‘மேல்’ என்பதா ‘புறம்’ என்பதா என்பதே கேள்வி. புறம் என்றால் வெளி. அச்சொல்லைக் கண்டவர், உணவு, புகை, மன அழுத்தம் முதலிய புறச்சூழலைப் பற்றிய துறை இது என்று கருத இடமுண்டு. சூழல் இக்குறிகளை மாற்றக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் குறிகள் இருப்பது உட்கருவுக்குள், டி.என்.ஏ.வின்மீதும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின்மீதும். ஆகவே மேல்மரபியல் என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. புணர்ச்சி விதிப்படி மேன்மரபியல் என்றன்றோ வரவேண்டும் என்று கேட்போர்க்கு ஒன்று சொல்லலாம்: மேன்மக்கள் என்பதுபோல அது உயர்வுப் பொருளைத் தந்துவிடும் என்பதால், கலைச்சொல்லைப் புணர்க்காமல் எழுதுவதே தெளிவு.

மரபு என்னும் சொல் உள்ளே இருப்பதால் மற்றொரு மயக்கமும் நேர்கிறது. பாட்டனின் வாழ்க்கை பேரனின் உடலில் பதிவதையே இத்துறை பேசுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். மூப்பு ஆய்வில் ‘கடத்தல்’ என்பது பெரும்பாலும் ஒரே உடலுக்குள் செல்லிலிருந்து செல்லுக்கு நிகழ்வது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவில் உருவாகத் தொடங்கியவர்களை ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில், பஞ்சத்துக்கு ஆட்படாத உடன்பிறந்தாரைவிட அவர்களுக்கு மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன. இது அதே மனிதர் தம் கருக்காலத்துக் குறியை முதுமை வரை சுமந்த செய்தி. பேரப்பிள்ளைகளுக்குச் சென்றதற்கான சான்று அன்று.

வயது ஏற ஏறக் குறிகள் பொதுவாகக் குறைகின்றன. சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கூடுகின்றன. ஸ்பெயினில் மானெல் எஸ்டெல்லர் குழுவினர் 3 முதல் 74 வயது வரையிலான 40 இணை ஒருகரு இரட்டையரை ஆராய்ந்து 2005இல் எழுதிய கட்டுரையில், 3 வயது இரட்டையரிடம் குறிகள் ஏறக்குறைய ஒன்றாகவும் 50 வயது இரட்டையரிடம் வெகுவாக வேறுபட்டும் இருந்ததைக் காட்டினர். எழுத்து ஒன்றே, மேற்குறிகள் பிரிந்துவிட்டன. அப்போது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீவ் ஹார்வத், 51 வகைத் திசுக்களிலும் செல்களிலும் இருந்து பெறப்பட்ட சுமார் 8,000 மாதிரிகளின் தரவுகளைக் கொண்டு, 353 இடங்களின் மெத்தில் அளவிலிருந்து ஒருவரின் வயதைக் கணிக்கும் முறையை 2013இல் வெளியிட்டார். அதன் இடைநிலைப் பிழை 3.6 ஆண்டுகள்; அதாவது பாதி மாதிரிகளில் பிழை இதற்குள் அடங்கும். இதையே மேல்மரபியல் கடிகாரம் என்கிறோம். பல வகைச் செல்களாக வளரக்கூடிய கருநிலைக் குருத்துச் செல்களை இக்கடிகாரம் ஏறத்தாழச் சுழிய வயதுடையனவாகக் காட்டுகிறது. வளர்ந்தவரின் செல்லை ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யாமனாகா வகுத்த முறையில் குருத்துச் செல்லாக மாற்றினாலும் அளவு சுழியத்துக்கே திரும்புகிறது.

சார்ந்த சொற்கள் சிலவற்றையும் இங்கே வரையறுப்பது நலம். ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் என்று வேதியியல் பாடநூல்கள் பழக்கிய வழியில், குறி ஏறுவதை மெத்திலேற்றம் என்றும் அது அகல்வதை மெத்தில் நீக்கம் என்றும் சொல்லலாம். பிறந்த நாளிலிருந்து எண்ணுவது கால வயது. உடலின் நிலையைக் கொண்டு மதிப்பிடுவது உயிரியல் வயது. கடிகாரம் என்ற சொல்லைத்தான் அளந்து பயன்படுத்த வேண்டும். ஹார்வத்தின் கருவி கால வயதைக் கணிக்கவே பயிற்றப்பட்டது. 2018இல் வந்த ஃபீனோஏஜ், 2019இல் வந்த கிரிம்ஏஜ் என்னும் கடிகாரங்கள் நோயையும் இறப்பு வாய்ப்பையும் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து 2022இல் வந்த டனீடின்பேஸ் என்னும் கருவி வயதைச் சொல்வதே இல்லை. ஓராண்டில் உடல் எவ்வளவு மூக்கிறது என்ற வேகத்தைச் சொல்கிறது. இதைக் கடிகாரம் என்பதைவிட மூப்பு வேகமானி என்பது சரியாக இருக்கும்.

இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுதுவோர் கைவிட்டால் செய்தியே பிழையாகிவிடும். அமெரிக்காவில் உடற்பருமன் இல்லாத 220 பேரிடம் நடந்த பரிசோதனையில், ஒரு பிரிவினர் உணவாற்றலை 25 விழுக்காடு குறைக்கும் இலக்கோடு 2 ஆண்டுகள் உண்டனர். அவர்களின் இரத்த மாதிரிகளில் டனீடின்பேஸ் அளவு 2 முதல் 3 விழுக்காடு வரை தணிந்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. ஃபீனோஏஜிலும் கிரிம்ஏஜிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. குறைவாக உண்டவர்களின் வயது குறைந்தது என்று இம்முடிவுக்குத் தலைப்பிடுவது தவறு. மூப்பின் வேகம் ஓர் அளவுகோலில் சற்றுத் தணிந்தது என்று எழுதுவதே சரி.