கண்மாய் முறம் போல இருக்கட்டும்

கண்மாய் சீரமைப்புக்காக ஓர் ஊருக்குப் போய் மந்தையில் உட்கார்ந்தால், முதலில் வரும் கேள்வி இதுதான்: “எத்தனை அடி தோண்டுவீங்க சார்?” ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்ற நம்பிக்கை. ஆனால் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும்.

மதுரைப் பக்கத்துப் பழைய கண்மாய்கள் முறத்தைப் போன்றவை. கரையோரம் ஆழம். தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப் போக முழங்கால், கணுக்கால், பிறகு வெறும் ஈரம். அந்தக் கணுக்கால் தண்ணீரில்தான் அரிவாள் மூக்கனும் நெடுங்கால் உள்ளானும் இரை தேடும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை கிடைக்கும். முக்குளிப்பானுக்கு மட்டும் ஆழம் வேண்டும். சுற்றிலும் செங்குத்தாக வெட்டி நடைபாதை போட்டுவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். நாரை கால் ஊன்ற இடம் இருக்காது.

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் நானே தவறு செய்திருக்கிறேன். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னேன். எந்த மரத்தை விட வேண்டும் என்று அடையாளம் போடவில்லை. தண்ணீருக்குள் நின்ற நாட்டுக்கருவேலங்களையும் ஜேசிபி சேர்த்தே சாய்த்துவிட்டது. அடுத்த மழைக்குக் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தது. நாரைகள் வந்தன, ஒரு வாரம் சுற்றின, போய்விட்டன. மடை திறந்துவிடும் பெரியவர் சொன்னார்: “தண்ணியப் பாத்த தம்பி, அது கூடு கட்ட எடம் பாக்கலையே.” இன்றுவரை அது எனக்கு வலிக்கிறது. அதன் பிறகு, விட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் எந்த இயந்திரத்தையும் நான் உள்ளே விடுவதில்லை. தை, மாசியில் கூட்டில் குஞ்சு இருக்கும். வேலை சித்திரைக்குத் தள்ளிப்போகும்.

கண்மாயை மட்டும் காப்பாற்றினாலும் போதாது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசு அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. பாறையில் விழும் மழை சுனையில் தங்கி, ஓடையாகிக் கண்மாய்க்கு வருகிறது. குன்றை உடைத்தால் கண்மாய்க்கு வரத்து ஏது? அந்தப் பகுதிக்கான டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அந்த மக்கள் தெருவுக்கு வந்ததும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் நினைவிருக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் சீரமைப்புச் செலவு மதிப்பீடு தயாராகலாம். கிராம சபையில் கேளுங்கள்: உள்வாய்ச் சரிவை விடுகிறீர்களா? எந்தெந்த மரம் நிற்கும்? வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எப்போது எடுப்பீர்கள்? வேலை உத்தரவு வருவதற்கு முன்பே கேளுங்கள். ஜேசிபி இறங்கிய பிறகு மாற்றுவது மிகக் கடினம்.