மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்வி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இந்தியர்களுக்கு மாரடைப்பு சின்ன வயதிலேயே வருகிறது என்று இங்குள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நம் குடும்பங்களுக்கு இது தெரிந்த துயரம்தான். ஆனால் வார்டில் ஒரு மருத்துவர் கண்டதை உலகின் மற்ற மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அது ஓர் ஆய்விதழில் வெளிவர வேண்டும். அதற்குமுன் அதே துறையைச் சேர்ந்த மற்றவர்கள் அதைப் படித்துக் குறை சொல்ல வேண்டும். இதைத்தான் சக மதிப்பாய்வு என்கிறோம்.

கட்டுரை முதலில் இதழாசிரியரிடம் போகும். பெரிய இதழ்களில் பெரும்பாலான கட்டுரைகள் அங்கிருந்தே திரும்பிவிடும். தப்பியவை இரண்டு மூன்று வல்லுநர்களுக்கு அனுப்பப்படும். இவர்களே மதிப்பீட்டாளர்கள். அவர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. நோயாளிகளைப் பார்த்து முடித்தபின், இரவில் உட்கார்ந்து படிப்பவர்களே அதிகம். எழுதியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. பல மருத்துவ இதழ்களில் இதுதான் வழக்கம்.

அவர்கள் என்னதான் கேட்பார்கள்? ஓர் உதாரணம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள அரசு மருத்துவமனைக்கு மாரடைப்போடு வந்த 45 வயதுக்குட்பட்டவர்களை ஒரு குழு ஆராய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'இளம் இந்தியர்களின் மாரடைப்புக்குச் சர்க்கரை நோயே முதன்மைக் காரணம்' என்று முடிவு எழுதி அனுப்புகிறார்கள்.

மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி: வீட்டிலேயே இறந்தவர்கள் உங்கள் கணக்கில் எங்கே? மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பதால் தனியார் மருத்துவமனைக்குப் போனவர்கள் எங்கே? அடுத்தது இன்னும் கூர்மையானது. சர்க்கரையை எப்போது அளந்தீர்கள்? மாரடைப்பு நேரத்தில் உடல் படும் அதிர்ச்சியிலேயே ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். அனுமதித்த அன்று எடுத்த ஒரே அளவை வைத்துக்கொண்டு 'இவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய்' என்று சொல்ல முடியாது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை எங்கே? மூன்றாவது கேள்வி: யாரோடு ஒப்பிட்டீர்கள்? அதே தெருவில், அதே வயதில், மாரடைப்பு வராதவர்களிலும் சர்க்கரை நோயாளிகள் இதே அளவுக்கு இருந்தால் உங்கள் முடிவு நிற்குமா?

எழுதியவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும். எச்பிஏ1சி செய்திருந்தால் அதைச் சேர்க்கலாம். செய்யவில்லை என்றால் முடிவைச் சுருக்கியே ஆக வேண்டும். 'இளம் இந்தியர்களில்' என்றிருந்தது 'இந்த மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்த இளம் நோயாளிகளில்' என்று மாறும். 'காரணம்' என்ற சொல்லே போய்விடும். மதிப்பாய்வு செய்யும் மிகப் பெரிய நன்மை இந்தச் சுருக்கம்தான் என்பது என் எண்ணம். கட்டுரையின் கவர்ச்சி குறையும், நம்பகம் கூடும்.

இந்த முறை இப்போது இருப்பது போல எப்போதும் இருந்ததில்லை. கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தது 1967 டிசம்பர் 3-ஆம் தேதி. அதைப் பற்றிய கட்டுரை அதே மாதம் 30-ஆம் தேதி சவுத் ஆப்பிரிக்கன் மெடிக்கல் ஜர்னலில் வந்துவிட்டது. இன்று பல கட்டுரைகளுக்கு மதிப்பீட்டாளர் கிடைக்கவே அத்தனை நாள் ஆகிவிடுகிறது.

ஆனால் மதிப்பீட்டாளர் பார்ப்பது காகிதத்தை, நோயாளியை அல்ல. மூலத் தரவுகள்கூடப் பெரும்பாலும் அவர் கைக்கு வருவதில்லை. 2020 மே 1 அன்று, இதய நோயையும் கோவிட் மரணத்தையும் இணைத்த ஒரு கட்டுரை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 169 மருத்துவமனைகளின் தரவு என்றார்கள். வெளியான பிறகுதான் வாசகர்களான ஆய்வாளர்கள் எண்களைச் சந்தேகித்தார்கள். தரவைத் திரட்டியதாகச் சொன்ன நிறுவனம் அதைச் சரிபார்க்கக் கொடுக்கவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. உலகின் மிக மதிப்புள்ள இதழ்களில் ஒன்றிலேயே இப்படி நடந்தது.

இதைவிட என்னை வருத்துவது, வாசலுக்கே வராத ஆய்வுகள். 1980-இல் பிரிட்டனில் சிலர், மாரடைப்பு வந்தவர்களின் இதயத் துடிப்பைச் சீராக்க லார்கைனைடு என்ற மருந்தைச் சோதித்தார்கள். நூறு பேர்கூட இல்லாத சிறிய ஆய்வு. மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் ஒருவர். தற்செயல் என்று நினைத்தார்கள். அந்த மருந்தும் கைவிடப்பட, முடிவு வெளிவராமலே கிடந்தது. அதே வகை மருந்துகள் மற்ற நாடுகளில் தொடர்ந்து கொடுக்கப்பட்டன. அவை மரணத்தைக் கூட்டுகின்றன என்பதை 1989-இல் காஸ்ட் என்ற பெரிய ஆய்வு காட்டியது. லார்கைனைடு கட்டுரை 1993-இல்தான் அச்சானது. முன்பே வந்திருந்தால் ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று எழுதியவர்களே அதில் சொன்னார்கள். மருந்துச் சோதனையைத் தொடங்கும்போதே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், இல்லையென்றால் கட்டுரையை ஏற்க மாட்டோம் என்ற விதியை முன்னணி மருத்துவ இதழ்கள் 2005-இல் கொண்டுவந்தன.

எனவே 'ஜர்னலிலேயே வந்திருக்கிறது' என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால், யாரை ஆராய்ந்தார்கள் என்று முதலில் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு, யாரும் படிக்காமலே சில நாளில் வெளியிடும் இதழ்களும் உண்டு. நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் 15 முதல் 64 வயதுவரை உள்ள இந்தியர்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் அதே சவுத் ஆப்பிரிக்கன் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளோடு நிற்காமல், அங்கே குடியிருக்கும் மக்களையே எடுத்துக்கொண்டார்கள். இதய நோய்க்கு வழிவகுக்கும் காரணிகள் அவர்களிடம் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அதை இணையத்தில் கட்டணமில்லாமல் படிக்கலாம்.