பசிக்கு எதுக்கு ஆர்ட்டிகிள்? ஸ்பானிஷ் இலக்கணத்துல ஒரு அருமையான வேலை

ஸ்பானிஷ் கத்துக்கற ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. 'தெங்கோ ஆம்ப்ரே'ன்னா எனக்குப் பசிக்குதுன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க, ஆனா சீரியல்ல ஒரு பொண்ணு 'தெங்கோ ஊன் ஆம்ப்ரே...'ன்னு இழுத்து நிறுத்துது, பசியை என்ன எண்ணவா முடியும், அதுக்குப் போய் எதுக்கு ஆர்ட்டிகிள்னு. சரியான இடத்துலதான் கை வச்சிருக்காரு.

ஆர்ட்டிகிள்னா என்னன்னு இங்கிலீஷ் கிளாஸ்லயே பாத்திருப்பீங்க. ஸ்பானிஷ்ல 'ஊன், ஊனா' ஒரு செட், 'எல், லா, லோஸ், லாஸ்' இன்னொரு செட், இது போக 'லோ'ன்னு தனியா ஒண்ணு. ஸ்பானிஷுக்குத் தாய்மொழியான லத்தீன்ல இது எதுவுமே கிடையாது, அங்க 'அந்த'ன்னு சுட்டற சொல்லு தேஞ்சு எல், லா, லோ ஆச்சு, 'ஒண்ணு'ங்கற சொல்லு தேஞ்சு ஊன் ஆச்சு. அதனால ஆர்ட்டிகிள் இருக்கற மொழிதான் வளந்த மொழின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது சுத்த மூடநம்பிக்கை.

இப்ப பசிக்கு வருவோம். ஆர்ட்டிகிள் இல்லாம சொன்னா அது வெறும் தகவல், பசிக்குது, அவ்ளோதான். 'ஊன்' போட்டதுமே கேக்கறவங்க மனசு 'ஒரு பசியா, எந்த மாதிரி பசி'ன்னு அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். 'ஆசே ஊன் ஃப்ரீயோ கே பேலா'ன்னு முழுசாவும் சொல்லலாம், அதாவது தோலை உரிக்கற அளவுக்குக் குளிருதுன்னு அர்த்தம். ஆனா பல நேரம் 'ஆசே ஊன் ஃப்ரீயோ...'ன்னு குரலைக் கீழ இறக்காம அந்தரத்துலயே விட்டுடுவாங்க, மிச்சத்தைக் கேக்கறவங்களே நிரப்பிக்கணும், எழுதும்போது அந்த இடத்துல மூணு புள்ளி வைப்பாங்க. நாமளும் 'அப்படி ஒரு பசி'ன்னு சொல்றோம்ல, அதுல வர 'ஒரு'வும் எண்ணிக்கைக்கு வரல. ஆளைத் திட்டறதுக்கும் இதே ஊன்தான், 'எஸ் பயாசோ'ன்னா அவரு தொழில்ல கோமாளி, 'எஸ் ஊன் பயாசோ'ன்னு சர்க்கஸ் பக்கமே போகாத ஆளையும் சொல்லலாம்.

எனக்கு உயிரே 'லோ'தான். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 'லோ போனீத்தோ தெ லா காசா'ன்னா அந்த வீட்டுல அழகா இருக்கற விஷயம். 'லோ போனீத்தா கே எஸ் லா காசா'ன்னா அந்த வீடு எவ்ளோ அழகுன்னு வியந்து சொல்றது. மாறினது 'போனீத்தோ'வோட கடைசி எழுத்து, அப்புறம் 'தெ' போய் 'கே எஸ்' வந்திருக்கு. ஸ்பானிஷ்ல உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, 'காசா' (வீடு) பெண்பால், அதனாலதான் ரெண்டாவதுல 'போனீத்தா'ன்னு பெண்பாலா வருது. வீடுகள்னு பன்மையாக்கினா 'லோ போனீத்தாஸ் கே சோன் லாஸ் காசாஸ்', எல்லாம் பன்மைக்குப் போயிடுச்சு, லோ மட்டும் அசையவே இல்ல! ஒட்டி நிக்கற ரெண்டு சொல்லுக்கு நடுவுல பால் பொருத்தமும் இல்ல எண் பொருத்தமும் இல்ல, ஆனா வாக்கியம் சுத்தமா சரி. எப்படின்னா, அந்த 'அழகு' உண்மையில லோவுக்குச் சொந்தமே இல்ல, அது பின்னாடி இருக்கற 'வீடு அழகா இருக்கு'ங்கற வாக்கியத்துலேர்ந்து முன்னாடி வந்து நிக்குது, பழைய சொந்தத்தோட பால், எண் ரெண்டையும் விடாமக் கொண்டு வந்திருக்கு. லோ அங்க பொருளைச் சுட்டல, அளவைச் சுட்டுது, அளவுக்கு ஏது ஆண் பெண்? பால், எண் எதுவுமே இல்லாத 'நல்லா' மாதிரி சொல்லோடயும் சேரும், 'லோ பியென் கே காந்தா'ன்னா அவ எவ்ளோ நல்லாப் பாடறா.

இதையெல்லாம் கண்டுபிடிக்க பெரிய லேப் வேணாம், ஒரு ரெக்கார்டரும் மக்கள் பேசறதைப் பொறுமையாக் கேக்கற நாலு பேரும் இருந்தாப் போதும், ஆனாலும் மொழியியலுக்குப் பணம் கேட்டா 'இதனால என்ன பிரயோஜனம்'னுதான் முதல் கேள்வி வருது, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

'லா தெ'ன்னு இன்னொண்ணும் இருக்கு. 'லா தெ லீப்ரோஸ் கே தியேனே!'ன்னா அவருகிட்ட எவ்ளோ புக்கு இருக்குன்னு ஆச்சரியம். புக்கு ஆண்பால், அதுவும் பன்மை, ஆர்ட்டிகிள் மட்டும் பெண்பால் ஒருமை. இங்க அது சுட்டறது புக்கை இல்ல, வாக்கியத்துல வாயத் திறந்து சொல்லாம விட்ட 'எண்ணிக்கை'ங்கற பெண்பால் சொல்லை.