"ரெண்டடிதானே அண்ணே!"

இந்த வருடத்தில் இது எத்தனையாவது அழைப்பு என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு தரைவீட்டுப் பேட்டையில், வேலியோரம் நின்ற பழைய மரத்தை வெட்டிவிட்டு, அடிக்கட்டையை எக்ஸ்கவேட்டர் வைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். வேரோடு சேர்ந்து கேபிளும் வந்துவிட்டது. வரிசையாக ஏழெட்டு வீடுகளில் கரண்ட் இல்லை. நான் போய் நின்றதும் மேற்பார்வையாளர் சொன்ன முதல் வார்த்தை: "ரெண்டடிதானே அண்ணே தோண்டினோம்!"

அந்த ரெண்டடியில்தான் ஐயா கேபிள் இருக்கிறது.

நிலத்தடிக் கேபிளைக் கண்டறிவது என் தொழில். மரவேலை செய்கிறவர்களிடம் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு ஒன்று உண்டு. "சிங்கப்பூரில்தான் தலைக்கு மேலே கம்பியே இல்லையே, மரத்துக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" ஊரில் மழைக்காலத்துக்கு முன்னால் லைன்மேன் வந்து கிளை கழிப்பார், அன்று பகலெல்லாம் கரண்ட் இருக்காது. அதைப் பார்த்து வளர்ந்த தம்பிகள் இங்கே வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். கம்பி இல்லை. நிம்மதியாகக் கடப்பாரையை எடுக்கிறார்கள். கம்பி எங்கேயும் போய்விடவில்லை, காலுக்குக் கீழே கிடக்கிறது. ஊரில் கிளை செய்யும் வேலையை இங்கே வேர் செய்கிறது.

படித்த வீட்டுக்காரர்களுக்கு வேறு நம்பிக்கை. "கேபிளெல்லாம் 60 மீட்டர் ஆழத்தில் சுரங்கத்தில் போகிறதாமே, செய்தியில் பார்த்தேன்" என்பார்கள். உண்மைதான், அப்படிச் சுரங்கங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் போவது தீவின் குறுக்கே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உயர் அழுத்தக் கேபிள்கள். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வரும் 230 வோல்ட் அங்கிருந்து நேராக ஏறி வருவதில்லை. துணை மின்நிலையம், சாலையோரப் பெட்டி என்று வந்து, கடைசியில் நடைபாதைக்கும் புல்தரைக்கும் அடியில், பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் வீட்டுக்குள் நுழைகிறது. அதே புல்தரைக்கு அடியில் 6,600 வோல்ட்டும் 22,000 வோல்ட்டும்கூடப் போகலாம். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பச்சைப் புல்.

மரத்தின் வேர்களும் பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான் பரவுகின்றன. கேபிள் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளத்தில் மண் இளகியிருக்கும், வேருக்கு அது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. இருபது வருடத்தில் கேபிளைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கட்டையை இயந்திரத்தால் இழுத்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்றும் ஆகாமல், சில மீட்டர் தள்ளி இருக்கும் இணைப்பு பிய்ந்துகொள்ளலாம். கட்டையைப் பிடுங்காமல், மேலிருந்து சீவித் தூளாக்கும் இயந்திரம் இருக்கிறது. நேரம் ஆகும், காசும் கூட. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

மண்ணுக்கு அடியில் கேபிளைத் தேடும் டிடெக்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைக் கையில் ஆட்டிக்கொண்டே நடந்துவிட்டு, "சத்தம் வரவில்லை, தோண்டு" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சும்மா நடந்தால், மின்னோட்டம் ஓடும் கேபிள்தான் சத்தம் கொடுக்கும். மின்னழுத்தம் இருந்தும் சுமை இல்லாத கேபிள் ஊமையாகக் கிடக்கும், தொட்டால் ஆளைக் கொல்லும். அதற்குத் தனியாக சிக்னல் செலுத்திப் பார்க்க வேண்டும். அதைச் செய்யத்தான் உரிமம் பெற்ற ஆள் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

தோண்டுவதற்கு முன், மின்கேபிள்களைப் பராமரிக்கும் எஸ்பி குழுமத்திடம் கேபிள் வரைபடம் வாங்குங்கள். போன வேலைக்கு வாங்கியது இந்த வேலைக்கு ஆகாது. வரைபடத்தில் கேட்டுக்கு உள்ளே நீங்களே போட்ட தோட்ட விளக்கு வயர் இருக்காது, அதையும் மறக்காதீர்கள். கண்டறிந்த இடத்தில் முதலில் கையால் சோதனைக் குழி தோண்டி, கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இயந்திரம். உயர் அழுத்தக் கேபிளைச் சேதப்படுத்தினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. நூறு இருநூறு வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பும் முதலாளிகள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கட்டும்.

கேபிளில் பட்டுவிட்டால் எல்லாரும் விலகிப் போங்கள். இயந்திரத்தில் இருப்பவர் தீப்பிடித்தாலொழிய இறங்க வேண்டாம், வெளியில் நிற்பவர் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். எஸ்பி குழுமத்தின் 1800-778-8888க்கு அழையுங்கள். ஆளுக்கு அடிபட்டால் ஆம்புலன்ஸுக்கு 995.

தம்பிகளே, உங்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். லேசாகக் கீறல்தானே, விளக்கு எரிகிறதே என்று மண்ணைத் தள்ளி மூடிவிடாதீர்கள். கீறல் வழியாக ஈரம் இறங்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து ஒரு ராத்திரி வெடிக்கும். மின்தடையே பழக்கமில்லாத ஊர் இது, ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடம்கூட வராது. அந்த ராத்திரி எந்த வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

போன வருடம் புதுக்கோட்டைப் பையன் ஒருவன், பூச்செடிக்குக் குழி வெட்டும்போது மண்வெட்டி பட்டுவிட்டது என்று தானாகவே அழைத்துச் சொன்னான். விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அன்று மாலைக்குள் சரிசெய்துவிட்டார்கள். முதலாளி அவனைத் திட்டத்தான் செய்தார். நான் பக்கத்துக் காப்பிக்கடைக்கு அழைத்துப்போய் அவனுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன்.